உதவிப் பணமும் ஒரு கட்டுக் கடதாசியும்

சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு



சென்ற விடுமுறையில் ஒருநாள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் வாசலில் எம்மைக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பி, இப்ப என்ன செய்கிறீர்?" என்று அன்போடு விசாரித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிப்பதையும், விடுமுறையில் கண்டி நகரிலுள்ள ஒரு சேவை நிறுவனத்துக்கு உதவியாகச் செல்வதையும் சொன்னோம். "சேவை நிறுவனமா? நல்லது. தோட்டங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீரோ?" என்றார். "இல்லை ஐயா, நன்கொடைப் பணத்துக்குக் கணக்கும் அறிக்கையும் எழுதுகிறோம்" என்றோம். அவருடைய முகம் சற்றே வாடிற்று. "அட, கிளாக்கர் வேலையா?" என்று கூறி, எம் தோளில் ஆறுதலாகத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டோம். அன்று அவருக்குச் சொல்லத் தெரியாத விடையைச் சொல்லவே இன்று இங்கே ஏறி நிற்கிறோம்.

அந்தக் காரியாலயம் ஒரு புடைவைக் கடைக்கு மேலேயுள்ள இரண்டு அறைகள். ஓர் அறையில் மேசைகள். மற்றதில் இரும்பு அலமாரிகளும், அவற்றுள் அடங்காமல் நிலத்தில் அடுக்கிய கோவைகளும். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பும், பெரிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் அந்த நிறுவனம் நடத்தி வருகிறது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் வர்த்தகப் பயிராக முதன்முதல் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டமும் அந்த மலைப்பக்கத்திலேதான் இருக்கிறது. அங்கிருந்து போன தேயிலையின் பெயரை உலகம் அறியும். அங்குள்ள பிள்ளைகளின் பெயரை எழுதி உலகத்துக்கு அனுப்புவதே எமக்குக் கிடைத்த வேலை.

நன்கொடை என்றால் உண்டியலில் விழும் காசுபோல என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். கொடுப்பவர் கொடுப்பார், வாங்குபவர் வாங்குவார், இரு பக்கத்தாரும் கும்பிட்டுக்கொள்வர். காரியம் அப்படியன்று. விண்ணப்பம் எழுதும்போதே எத்தனை பிள்ளை, எத்தனை மாதம், எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவேண்டும். அது ஏற்கப்பட்டால் உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகும். பணம் ஒரேயடியாக வராது, தவணையாகவே வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினாற்றான் இரண்டாந் தவணை. பாலுக்கென்று வந்த பணத்தைப் பாய்க்குச் செலவிடலாகாது. செலவிட வேண்டுமாயின் முன்னதாக எழுதி அனுமதி பெறவேண்டும். செலவு ஒவ்வொன்றுக்கும் வவுச்சர், வவுச்சருக்குப் பின்னால் பற்றுச்சீட்டு, பிள்ளைகளுக்கு வரவு இடாப்பு, கூட்டத்துக்குக் கையொப்பத் தாள், ஆண்டு முடிவில் கணக்காய்வாளர். கொடுத்தவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். பிள்ளை லயத்தில் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் காணப் போவதில்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது இந்தக் கடதாசிக் கட்டு ஒன்றுதான்.

அரசாங்கத்துக்குக் காட்டவேண்டிய கடதாசி வேறு. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் தொண்டர் சமூக சேவை அமைப்புக்களின் பதிவையும் மேற்பார்வையையும் பற்றியது. 2017 ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டமோ, அரசசார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 100க்கு 3 பங்கை வருமானமாகக் கருதி அதன்மேல் வரி கேட்கிறது. பிள்ளைக்குப் பால் வாங்க வந்த பணத்தில் வருமானம் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்டோம். அங்குள்ள மூத்த லிகிதர் அக்கா, "தம்பி, கேள்வியை வரி கட்டிவிட்டுக் கேளும்" என்றார்.

இந்த அக்காவைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே போகமுடியாது. பட்டம் பெற்றவரல்லர். கணக்குப் புத்தகத்தில் ஒரு சதம் பிழைத்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு பிந்தும். 2022 ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அவர் சொல்லக் கேட்டோம். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது, மே மாதத்தில் 360 வரை ஏறிற்று. வெளிநாட்டு நாணயத்தில் வரும் தவணை ரூபாவில் பெருத்துக் காணப்பட்டது. பார்த்தவர்கள், "உங்களுக்கென்ன, யோகம்!" என்றார்களாம். ஆனால் பால்மாவும் சீனியும் பஸ் கட்டணமும் அதற்கு முன்னே ஏறிவிட்டன. பல நாள் காசிருந்தும் பால்மா இல்லை. அக்கா வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாக மாற்றி எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் காட்டி அனுமதி பெற்றார். அந்த வருடம் ஒரு பாலர் வகுப்பும் மூடப்படவில்லை. அதற்காக யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதாக நாம் கேள்விப்படவில்லை.

இனி எமது பிழையைச் சொல்லவேண்டும்.

ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் பாலர் வகுப்பு நடக்கிறது. அதைப் பார்ப்பவர் அத்தோட்டத்திலேயே பிறந்த ஒரு பெண். எல்லோரும் அவரை டீச்சர் என்பர். பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குப் பயறோ கடலையோ அவித்துக் கொடுத்து, ஒரு கோப்பைப் பாலும் கொடுப்பதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. சாமான் வாங்குவது சந்தியிலுள்ள சிறு கடையில். மூன்று மாதச் செலவுக் கணக்கு எம் மேசைக்கு வந்தபோது, பாரங்களில் தொகை மட்டும் இருந்தது. கடைப் பற்றுச்சீட்டு ஒன்றுமில்லை. பாரம் முழுவதும் ஆங்கிலம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு ஆங்கிலப் பாரம் ஒரு தடையாகத் தோன்றவேயில்லை. விதியைப் பார்த்தோம், சிவப்பு மையால் "பற்றுச்சீட்டு இல்லை" என்று ஒவ்வொன்றிலும் எழுதினோம், திருப்பி அனுப்பினோம். ஒழுங்காக வேலை செய்தோம் என்ற திருப்தியும் அன்று மாலை இருந்தது.

அடுத்த மாதம் வகுப்பைப் பார்க்கப் போனோம். பத்து மணி மணி அடித்தது. பிள்ளைகள் கைகழுவி வரிசையாக அமர்ந்தனர். வந்தது வெறும் சாயத்தண்ணி. விசாரித்தோம். கணக்கு ஏற்கப்படாதபடியால் நிறுவனத்தின் விதிப்படி அத்தொகை டீச்சருடைய மாதப் படியிலிருந்து கழிக்கப்படத் தொடங்கியிருந்தது. கையிற் பணமில்லை, கடைக்காரர் மேலும் கடன் கொடுக்கவில்லை. அவர் யாரிடமும் முறையிடவில்லை.

"கணக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லையா, டீச்சர்?" என்று கேட்டோம். உள்ளே போய்த் தம் மகனுடைய பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். முன்பக்கமெல்லாம் பையனுடைய வாய்பாடு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் திகதி, பயறு இத்தனை கிலோ, சீனி இத்தனை, பால்மாப் பக்கற்று இத்தனை, விலை, அன்றைக்கு வந்த பிள்ளைகளின் தொகை. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் கீழே கடைக்காரருடைய கையொப்பம். மழையால் பிள்ளைகள் குறைந்த நாளில் மிஞ்சிய பயறு எவ்வளவு, அது எந்த நாளுக்கு உதவியது என்பதுகூட இருந்தது. அலமாரியிலுள்ள எந்த வவுச்சரும் அத்தனை உண்மையைச் சொல்லவில்லை.

"இதை ஏன் முந்தியே அனுப்பவில்லை?" என்றோம்.

"நீங்க கேட்டது பாரம்தானே தம்பி. இங்கிலீசுப் பாரத்துல நா எப்பிடி எழுதுறது? தப்பா எழுதிட்டா சென்டரையே பூட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளரைப் பிரசாவுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்றது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். 1951 ஆகஸ்டு வரை ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்களிடம் அதைக் காட்டும் கடதாசி இல்லை. இருந்த கடதாசிகளிலோ ஒன்றில் லெட்சுமி, மற்றொன்றில் லட்சுமி, தோட்டப் பதிவில் லச்சுமாய். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அக்காயம் முற்றாக ஆறவில்லை. அந்த டீச்சருடைய பாட்டியும் ஒருகால் ஒரு பாரத்தின் முன் கைநடுங்கி நின்றிருப்பார். எமது சிவப்பு மை அந்தப் பழைய வரிசையிற் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று வெட்கப்பட்டோம்.

பெயர்த் தொல்லை இன்றும் தீர்ந்தபாடில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தின் மூலம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கும் கல்வி நிதியம் ஒன்று உண்டு. 1947 இல் ஏற்பட்டது. மாலை வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இத்தகைய உதவிகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்திக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்து, பாடசாலை இடாப்பில் ஓர் எழுத்து. அதை நேராக்க கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தோட்டக் காரியாலயம் என்று மூன்று இடம் அலைந்தோம். மூன்று நாள் கொழுந்து பறிக்கப் போகாமல் தாயும் உடன் வந்தார். அந்த மூன்று நாட் சம்பளத்தை எந்த நன்கொடைக் கணக்கிலும் காட்ட இடமில்லை.

பெரியோர்களே, உதவிப் பணத்துக்குக் கணக்கெழுதுவது எமது சமூகத்துக்கு நேற்று வந்த வேலையன்று. நாம் படித்த பாடசாலையின் கண்ணாடி அலமாரியில் பழைய இடாப்புகள் அடுக்கியிருந்தன; அவற்றை ஏன் எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்று சிறுவயதில் வியந்ததுண்டு. அவையே அப்பாடசாலைக்குச் சோறு போட்டவை என்பது பின்னர்த்தான் விளங்கிற்று. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டது. முதற் பணிப்பாளராக வந்த லோரி என்பவர் அடுத்த ஆண்டில், பரீட்சைப் பேற்றுக்கேற்ப உதவிப் பணம் என்னும் முறையைக் கொணர்ந்தார். பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சோதிப்பார், சித்தியெய்திய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம். வரவு இடாப்பில் பிள்ளை இல்லையேல் பரீட்சைக்கும் இல்லை, பணமும் இல்லை. பிள்ளையின் தலையில் விலைச்சீட்டு ஒட்டிய இம்முறை எமக்கு உவப்பானதன்று. இங்கிலாந்தில் 1862 இல் புகுத்திய முறையின் நிழல் அது. ஆயினும் மிஷன் பாடசாலைகள் அதற்குத் தக்கபடி இடாப்பும் கணக்கும் வைத்துப் பெருகின.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848 இல். வீடுவீடாகச் சேர்ந்த பிடியரிசியும் அன்பர் கொடையும் அதைத் தாங்கின. 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலையோ பணமின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. விதிகள் மிஷனுக்குச் சாதகமாய் இருந்தன என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விதியை மட்டும் குறைகூறி இருந்துவிட்டால் 1923 இல் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. அவ்வாண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஏற்பட்டது. அதன் முகாமையாளராக இருந்த இராசரத்தினம் அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்திக் காட்டினார். அவரை ஹிந்து போர்ட் இராசரத்தினம் என்றே ஊர் அழைத்தது. ஒரு மனிதருடைய பெயருக்கு முன்னால் ஒரு காரியாலயத்தின் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டது என்றால், அந்தக் காரியாலயத்தில் எத்தனை கடிதம், எத்தனை சம்பளப் பட்டியல், எத்தனை இடாப்பு எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

1960 ஆம் ஆண்டு டிசம்பரில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. எமது கண்டியில் கிங்ஸ்வுட் அரசாங்கப் பாடசாலையாயிற்று. திரித்துவக் கல்லூரி தனியார் பாடசாலையாகத் தொடர்ந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கையிற் சேர 1970களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு அவற்றிற் பலவற்றுக்குக் கட்டிடங்கள் எழுந்தன. அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு கிளாக்கர் இருந்திருப்பார்; திறப்பு விழாக் கல்லில் அவர் பெயரைத் தேடவேண்டாம்.

டீச்சருடைய கொப்பியோடு காரியாலயத்துக்குத் திரும்பினோம் அல்லவா? அக்கா அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எம்மைக் கோபிக்கவில்லை. அலமாரியிலிருந்து உடன்படிக்கையை எடுத்து, நாம் வாசியாமல் விட்ட ஒரு பிரிவைக் காட்டினார். பற்றுச்சீட்டுப் பெறமுடியாத இடத்தில் வேறு சான்றைக் காட்டலாம், ஆனால் முன்னதாக எழுதிக் கேட்கவேண்டும் என்றிருந்தது. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். அவள் எழுதியிருக்கிறாள். கேளாதது நாங்கள்" என்றார். அன்று மாலையே தமிழில் ஒரு பாரம் தயாராயிற்று. திகதி, சாமான், நிறை, விலை, பிள்ளைத் தொகை, கடைக்காரர் கையொப்பம், தாய்மாரில் ஒருவர் சாட்சி. கொப்பியில் இருந்த வரிசையைத்தான் அக்கா பாரமாக்கினார். கொப்பியின் பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு வாரத்தில் சம்மதக் கடிதம் வந்தது. அவர்கள் மறுக்கவுமில்லை, சந்தேகிக்கவுமில்லை. இத்தனை காலமும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

எல்லாம் சுபமாக முடிந்ததென்று சொல்லமுடியாது. மூன்று மாதத்தில் முதல் மாதத்துக் கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தபடியால் அந்தத் தொகை டீச்சருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நாமும் அக்காவும் எம் கையிலிருந்து கொடுக்கப் போனோம். அவர் வாங்கவில்லை. "அது பிள்ளைங்க தின்னது தம்பி, அத நா எப்பிடித் திருப்பி வாங்குறது?" என்று விட்டார்.

இன்னொன்றையும் ஒளியாமற் சொல்லவேண்டும். நன்கொடை கொடுப்போர் பிள்ளையின் பாலுக்குக் கொடுக்க விரும்புவர். அந்தப் பாலுக்குக் கணக்கெழுதும் அக்காவின் சம்பளத்துக்குக் கொடுக்க முகஞ்சுளிப்பர். கணக்கும் துல்லியமாக வேண்டும், கணக்கெழுதுபவரும் காற்றைக் குடித்து வாழவேண்டும் என்றால் எப்படி? அமெரிக்க அரசாங்கங்கூட, தனி விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்கள் இத்தகைய பொதுச் செலவுக்கு எடுக்கக்கூடிய பங்கை 2024 அக்டோபரில் 100க்கு 10 இலிருந்து 15 ஆக உயர்த்தியது. அதே அரசாங்கம் 2025 ஜனவரி 20 ஆந் திகதி, வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைக்கக் கட்டளையிட்டது. அந்தப் பணத்தை நம்பி இலங்கையிலும் நடந்துவந்த வேலைகள் இடைநடுவில் நின்றன. கோவை ஒழுங்காயிருந்தவர்களுக்கும் அதே கதிதான். ஆகவே ஒழுங்காக எழுதினால் பணம் வந்தே தீரும் என்று நாம் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் வரவேண்டியதும் வராது என்பதை மட்டும் கண்ணாற் கண்டோம்.

இனி வீட்டுக் கதை. எமது சங்கத்து அறநெறி வகுப்பைப் பற்றிச் சற்றுச் சொல்ல அனுமதி தாருங்கள். பதிவுசெய்த அறநெறிப் பாடசாலைகளுக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் பாடநூல் முதலியன உதவுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காரியதரிசியின் அனுமதியோடு சங்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். வரவு இடாப்பில் மூன்று மாதம் வெள்ளைத்தாள். பிள்ளைகள் வந்தார்கள், நாமே கண்டோம். தாளில் அவர்கள் வரவில்லை. தேர்த் திருவிழாவுக்கு அன்னதான அரிசி கொடுத்தவர்களுடைய பெயர்கள் ஒரு கடித உறையின் பின்புறத்தில் இருந்தன. பாதியை எறும்பு தின்றுவிட்டது. தனாதிகாரி ஐயா எம்மைப் பார்த்து, "தம்பி, இதையும் அறிக்கையில் எழுதப்போறீரோ?" என்றார். எழுதவில்லை, பேசத்தான் செய்கிறோம்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு முடிந்ததும் பெட்டியை மறுபடி திறக்கிறோம். வாலிப அன்பர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடு போட்ட பெரிய கொப்பி இரண்டும், அடிமட்டமும், பசையும் வாங்கியாயிற்று, பற்றுச்சீட்டும் வாங்கியாயிற்று. முன்வரிசையிலுள்ள பெரியவருக்கு எழுத்து மணிமணியாக இருக்கும் என்று கேள்வி. அவரும் வந்தால் அரிசி கொடுத்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து சொல்லி எழுதித் தரலாம். அவர்களில் பாதிப்பேரை அவருக்குத்தான் தெரியும்.

டீச்சருடைய இந்த மாதக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை. மழையால் பாதையில் மண் சரிந்திருப்பதாகச் சொன்னார்கள். நாளை காலை ஆறரை மணி கலஹா பஸ்ஸில் போய் வாங்கி வரவேண்டும். அக்கிராசனர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்.